கல்லை எடுத்தாச்சு, அப்புறம்? – சிறுநீரகக் கல் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

1658 மார்ச் 26. லண்டனில் ஒரு உறவினர் வீட்டில், 25 வயது இளைஞர் ஒருவரை மேஜையில் கிடத்திக் கட்டுகிறார்கள். மயக்க மருந்து என்ற ஒன்று வர இன்னும் 190 வருஷம் இருக்கிறது. தாமஸ் ஹோலியர் என்ற அறுவை மருத்துவர் தொடைகளுக்கு நடுவே கீறி, சிறுநீர்ப்பைக்குள் இடுக்கியை விட்டு ஒரு கல்லை வெளியே எடுக்கிறார். டென்னிஸ் பந்து அளவு என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்து டென்னிஸ் பந்து இன்றையதைவிடக் கொஞ்சம் சிறியது. இருந்தாலும் உடம்புக்குள் அது எவ்வளவு பெரிசு என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இளைஞர்தான் சாமுவேல் பீப்ஸ். 1660 முதல் 1669 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால் 17-ஆம் நூற்றாண்டு லண்டனைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி தெரியாமல் போயிருக்கும். பிழைத்ததே அதிர்ஷ்டம் என்பதால், வருஷாவருஷம் மார்ச் 26-ஆம் தேதி விருந்து வைத்துக் கொண்டாட வேண்டும் என்று அவர் முடிவு செய்துகொண்டார். கல்லை வைக்கத் தனியாக ஒரு பெட்டிகூடச் செய்துகொண்டார்.

பீப்ஸ் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனா முக்கியமான விஷயம் 45 வருஷம் கழித்து வருகிறது. 1703-ல் பீப்ஸ் இறந்தபோது மருத்துவர்கள் உடலைத் திறந்து பார்த்தார்கள். இடது சிறுநீரகத்துக்குள் ஏழு கற்கள் இருந்தன. எடுத்தது எடுத்ததுதான், உடம்பு பாட்டுக்கு மறுபடி கல் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

சிறுநீரகக் கல்லின் வரலாற்றை இரண்டு தனித்தனிக் கதைகளாகப் பார்க்கலாம். ஒன்று, வந்த கல்லை எப்படி வெளியே எடுப்பது. இன்னொன்று, ஏன் வந்தது, திரும்ப வராமல் எப்படித் தடுப்பது. முதல் கதை வெற்றிக் கதை. கத்தி, இடுக்கி, குழாய், அதிர்வலை, லேசர் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் முன்னேற்றம். இரண்டாவது கதை தடுமாறித் தடுமாறி நடக்கிறது. நடுவில் பல ஆண்டுகள் தலைகீழான பத்தியத்தைக்கூட மக்களுக்குச் சொல்லியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கதையைப் பற்றித்தான்.

புதுப் பானையும் தெளிந்த நீரும்

கல்லை அறுத்து எடுக்கும் முறையை சுஸ்ருத சம்ஹிதை விரிவாகச் சொல்கிறது. எந்தப் பக்கம் கீற வேண்டும், கல் உடைந்து துணுக்கு உள்ளே தங்கிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அறுத்தாலும் பிழைப்பது நிச்சயமில்லை என்பதால் அரசனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யச் சொல்கிறது. இன்று ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குவதற்கு மூதாதை என்றுகூட அதைச் சொல்லலாம். கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டஸ் பெயரில் உள்ள உறுதிமொழி, கல்லுக்காகக் கத்தி வைக்கமாட்டேன், அதை அந்தத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவேன் என்கிறது.

எனக்கு சுஸ்ருதரிடம் அறுவை முறையைவிட இன்னொரு விஷயம்தான் பிடித்தது. கல் எப்படி உண்டாகிறது என்பதற்கு அவர் சொல்லும் உவமை. புதுப் பானையில் தெளிந்த நீரை ஊற்றி வைத்தாலும் நாளாக நாளாக அடியில் வண்டல் படிகிறது அல்லவா, அதுபோலத்தான் கல்லும் என்கிறார். இன்றைய வேதியியல் மொழியில் சொன்னால், ஒரு கரைசலில் உப்புகளின் அடர்த்தி அது தாங்கும் அளவைத் தாண்டும்போது படிகம் விழுகிறது. அவருக்கு கால்சியமும் தெரியாது, ஆக்ஸலேட்டும் தெரியாது. ஆனா கல் என்பது வெளியிலிருந்து வந்து அடைத்துக்கொள்ளும் பொருள் இல்லை, நீரிலிருந்தே படிவது என்பது புரிந்திருக்கிறது.

16-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் வேறொரு கேள்வி கேட்டார். அவருடைய அப்பாவுக்கும் கல் இருந்தது. மொந்தேனுக்கு அது வந்தது சுமார் 45 வயதில். அப்பாவிடமிருந்து வந்த ஒரு துளிக்குள் இந்தக் கல் எங்கே ஒளிந்திருந்தது, இத்தனை வருஷம் எப்படிக் காத்திருந்தது என்று வியந்து எழுதினார். கல் குடும்பத்தில் ஓடுவது உண்மைதான். இன்றும் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் "வீட்ல வேற யாருக்காவது உண்டா?" என்பதும் ஒன்று.

5,000 பவுண்டு சோப்பு மருந்து

கத்திக்குப் பயப்படாதவர் யார்? அதனால் கல்லைக் கரைக்கும் மருந்து என்று யார் சொன்னாலும் கூட்டம் கூடியது. இங்கிலாந்தில் ஜோவன்னா ஸ்டீபன்ஸ் என்ற பெண்மணி அப்படி ஒரு மருந்து வைத்திருந்தார். ரகசியத்தைச் சொல்ல 5,000 பவுண்டு கேட்டார். பொதுமக்களிடம் வசூல் செய்து பார்த்தார்கள், போதவில்லை. கடைசியில் 1739-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அந்தப் பணத்துக்கு ஏற்பாடு செய்தது.

ரகசியம் அரசு கெஜட்டில் வெளியானது. சுட்ட முட்டை ஓடு, சுட்ட நத்தை, சோப்பு, சில மூலிகைகள். அவ்வளவுதான்!

சிரிப்பு வரும். ஆனா முட்டை ஓட்டைச் சுட்டால் கிடைப்பது சுண்ணாம்பு, சோப்பும் காரத்தன்மை உள்ளது. கார மருந்து சாப்பிட்டால் சிறுநீரின் அமிலத்தன்மை குறையும். யூரிக் ஆசிட் கல் என்று ஒரு வகை இருக்கிறது. சிறுநீரைக் காரமாக்கினால் அந்த வகை மட்டும் உண்மையிலேயே கரையும். இன்றும் அதற்குப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துக் கரைக்கிறார்கள். ஆக, ஜோவன்னாவின் மருந்து சிலருக்குக் குணம் தந்திருக்க வாய்ப்புண்டு. மற்றவர்களுக்கு வயிற்றைப் புண்ணாக்கியிருக்கும். யாருக்கு எது என்று பிரித்துச் சொல்ல அப்போது யாராலும் முடியாது. இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் ராபர்ட் வால்போல் இதே வழியில் வந்த இன்னும் கடுமையான ஒரு கார மருந்தைச் சாப்பிட்டு, 1745-ல் இறந்தார். மருந்துதான் கொன்றது, இல்லை நோய்தான் கொன்றது என்று டாக்டர்கள் துண்டுப் பிரசுரம் போட்டுச் சண்டை போட்டார்கள்.

இந்த சோப்புக் கூத்திலிருந்து ஒரு நல்லதும் பிறந்தது. கல்லுக்கு எந்தச் சுண்ணாம்பு நீர் நல்லது என்று எடின்பரோவில் இரண்டு பேராசிரியர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். அங்கே படித்த ஜோசப் பிளாக், இன்னும் மென்மையான ஒரு காரத்தைத் தேடி மெக்னீசியா உப்பை ஆராயப் போனார். அதைச் சுட்டபோது வெளியேறிய வாயுவைத் துரத்திப்போய், இன்று கார்பன் டை ஆக்ஸைடு என்று நாம் சொல்வதைக் கண்டுபிடித்தார். கல்லுக்கு மருந்து கிடைக்கவில்லை, வேதியியலுக்கு ஒரு வாயு கிடைத்தது.

எந்தக் கல்?

1776-ல் ஸ்வீடனின் ஷீலே, சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து ஒரு புது அமிலத்தைப் பிரித்தார். அதுதான் யூரிக் ஆசிட். எல்லாக் கல்லும் இதுதான் போலிருக்கிறது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1797-ல் லண்டனில் வில்லியம் வொல்லாஸ்டன், கல் ஒரே வகை இல்லை என்று காட்டினார். கால்சியம் ஆக்ஸலேட், பாஸ்பேட் வகைகள் என்று பிரித்தார். 1810-ல் அபூர்வமான இன்னொரு வகையையும் கண்டார். இன்று அதற்கு சிஸ்டின் என்று பெயர்.

இதன் முக்கியத்துவத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் கைஸ் ஆஸ்பத்திரி மருத்துவர் அலெக்சாண்டர் மார்செட். 1817-ல் அவர் எழுதிய புத்தகத்தின் சாரம் இதுதான்: முதலில் கல் எந்த வகை என்று பாருங்கள், பிறகு மருந்து கொடுங்கள். யூரிக் ஆசிட் கல்லுக்குக் காரம் நல்லது. அதே காரத்தை பாஸ்பேட் கல் உள்ளவருக்குக் கொடுத்தால் கல் இன்னும் வளரும். ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு விஷம்.

இதைச் சொல்லி 200 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல் வந்த உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், "உன் கல் எந்த வகை?" என்று. பெரும்பாலோர் விழிப்பார்கள். எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வார்கள். எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். எதனால் ஆனது என்று தெரியாது. கல் விழுந்த அன்றே கழிப்பறையில் போயிருக்கும், அல்லது எடுத்த பிறகு குப்பைக்குப் போயிருக்கும்.

இந்தப் பக்கம் இப்படி நகர, எடுக்கும் கலை தாவிப் போனது. 1824-ல் பாரிஸில் ழான் சிவியால், கீறாமலே சிறுநீர்த் தாரை வழியாகக் கருவியை விட்டு, கல்லை உள்ளேயே பொடியாக்கிக் காட்டினார். பிற்பாடு 1873-ல் பிரான்சின் முன்னாள் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இறந்ததும் இப்படிக் கல்லை உடைக்கும் சிகிச்சைகளுக்கு நடுவில்தான். அரசனோ ஆண்டியோ, கல்லுக்கு வித்தியாசம் தெரியாது.

குன்னூர் எலிகள்

இப்போது நம்ம ஊர்ப்பக்கம் வருவோம்.

பழைய காலத்துக் கல்லுக்கும் இன்றைய கல்லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பீப்ஸ் காலத்தில் பேசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் சிறுநீர்ப்பைக் கல். அதுவும் ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பையன்களுக்கு நிறைய வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அது மறைந்துகொண்டே வந்தது. இந்தியாவில், முக்கியமாக பஞ்சாப் பக்கம், மறையவில்லை. தென்னிந்தியாவில் ஒப்பீட்டளவில் குறைவு. ஏன்?

நீலகிரியில் குன்னூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற இந்திய மருத்துவப் பணி அதிகாரி இதைக் கையில் எடுத்தார். 1918-ல் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையாகத் தொடங்கிய கூடம் அது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுவதைப் போலவே சமைத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். தானியம் மட்டும் மிகுந்து, பாலும் வெண்ணெயும் காய்கறியும் இல்லாத உணவைத் தின்ற எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கல் உண்டானது. அதே உணவோடு பாலைச் சேர்த்தால் கல் வரவில்லை. 1931-ல் இந்தியாவில் கல் உண்டாகும் காரணம் பற்றி அவர் ஆற்றிய உரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது.

வைட்டமின் ஏ குறைவே மூலகாரணம் என்ற மாதிரி அவர் சொன்ன சில விளக்கங்கள் பிற்பாடு அப்படியே நிற்கவில்லை. ஆனால் மையக் கருத்து நின்றது. குழந்தைகளின் சிறுநீர்ப்பைக் கல் வறுமை உணவின் நோய். 1960-களில் தாய்லாந்தின் உபோன் மாகாணத்தில் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் விரலை நீட்டின. அங்கே பிறந்த சில நாட்களிலேயே குழந்தைக்கு ஒட்டரிசியை ஊட்டும் பழக்கம் இருந்தது. அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாஸ்பேட் மிகக் குறைவு. உணவு மேம்பட்ட ஊர்களில் எல்லாம் இந்தக் கல் தானாகவே குறைந்தது. எந்த அறுவை நிபுணரும் செய்யாததைப் பாலும் பருப்பும் செய்தன.

குன்னூர்க் கூடம்தான் பிறகு 1958-ல் ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

ஆனா ஒரு கல் போனால் இன்னொரு கல் வருகிறது. வயிறாரச் சாப்பிடத் தொடங்கிய சமூகங்களில் குழந்தைகளின் சிறுநீர்ப்பைக் கல் மறைந்து, பெரியவர்களின் சிறுநீரகக் கல் கூடியது. உப்பு, இறைச்சி, சர்க்கரை, உடல் எடை எல்லாம் அதில் சேர்கின்றன. இப்போது நமக்கு வருவது இந்த இரண்டாவது வகை.

கேப்டன் மார்ட்டெலின் ஏழு அறுவைகள்

சார்லஸ் மார்ட்டெல் ஒரு அமெரிக்கக் கப்பல் கேப்டன். சில ஆண்டுகளில் அவர் உயரம் ஏழு அங்குலம் குறைந்தது. எலும்புகள் மெலிந்து ஒடிந்தன. சிறுநீரில் மணல் போலக் கால்சியம் போனது, கற்கள் வந்தன. 1926-ல் டாக்டர்கள் காரணத்தை யூகித்தார்கள்: கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு என்ற பட்டாணி அளவுச் சுரப்பிகளில் ஏதோ ஒன்று அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டுகிறது.

கழுத்தைத் திறந்தார்கள். ஒன்றும் இல்லை. மறுபடி திறந்தார்கள். ஆறு முறை. மார்ட்டெலே நூலகத்தில் உடற்கூறு நூல்களைப் படித்து, நெஞ்சுக்குள் தேடச் சொல்லி வற்புறுத்தினார் என்று சொல்வார்கள். 1932-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஏழாவது அறுவை. கட்டி நெஞ்சுக்கூட்டுக்குள்தான் இருந்தது. ஆறு வாரம் கழித்து, ஏற்கெனவே இருந்த ஒரு கல் அடைத்துக்கொண்ட சிக்கலில் அவர் இறந்துபோனார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவரது சகாக்களும் இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்கள். எலும்பு ஒடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல் மட்டுமே அறிகுறியாக வருகிறவர்களிடமும் இந்தச் சுரப்பிக் கோளாறு இருக்கலாம். கல் வந்தவர்களின் ரத்தத்தில் கால்சியத்தைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தார்கள், கிடைத்தார்கள். இன்று கல் வந்தவருக்குச் செய்யும் முதல் ரத்தப் பரிசோதனைகளில் கால்சியமும் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். அந்தச் சுரப்பிதான் காரணம் என்று கண்டுபிடித்துக் கட்டியை எடுத்துவிட்டால், கல் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் நின்றுவிடும்.

பாலை நிறுத்து, பாலைக் குடி

1953-ல் ஆல்பிரைட் குழு இன்னொன்றையும் எழுதியது. சுரப்பிக் கோளாறு எதுவும் இல்லை, ரத்தக் கால்சியம் சரியாக இருக்கிறது, ஆனாலும் சிலரின் சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகிறது. கல் வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய.

இங்கிருந்து ஒரு அறிவுரை பிறந்தது. கல்லில் இருப்பது கால்சியம். சிறுநீரில் அதிகம் போவதும் கால்சியம். அப்போ சாப்பாட்டில் கால்சியத்தைக் குறை! பால் வேண்டாம், தயிர் வேண்டாம், சீஸ் வேண்டாம். கேட்டால் நியாயமாகத்தான் படும். பல ஆண்டுகள் உலகம் முழுக்க இதைத்தான் சொன்னார்கள். நம்ம ஊரில் இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கல்லுக்குப் பயந்து பத்து வருஷம் பால், தயிர், மோர் தொடாமல் இருந்தார். கல் நிற்கவில்லை, எலும்புதான் தேய்ந்தது.

1993-ல் ஹார்வர்டின் கேரி கர்ஹான் குழு 45,619 ஆண்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டது. 505 பேருக்குப் புதிதாகக் கல் வந்தது. உணவில் கால்சியம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடக் கல் வரும் அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு! 1997-ல் பெண்களிடம் செய்த ஆய்விலும் இதே முடிவு. ஆனால் ஒரு திருகல்: கால்சியம் மாத்திரை எடுத்த பெண்களுக்கு அபாயம் சுமார் 20 சதவீதம் கூடியது.

எப்படி? காரணம் குடலில் இருக்கிறது. கீரை, பருப்பு, கொட்டை வகைகளிலிருந்து ஆக்ஸலேட் வருகிறது. அதே வேளைச் சாப்பாட்டில் கால்சியமும் இருந்தால், இரண்டும் குடலிலேயே கட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். கால்சியம் இல்லாவிட்டால் துணையில்லாத ஆக்ஸலேட் ரத்தத்துக்குள் போய், சிறுநீரகத்தில் வந்து இறங்கும். கல் உண்டாவதில் ஆக்ஸலேட் கொஞ்சம் கூடினாலே போதும். மாத்திரையைச் சாப்பாட்டோடு இல்லாமல் தனியாகப் போட்டுக்கொண்டால் இந்தக் காவல் கிடைக்காது. அதனால்தான் மாத்திரை வேறு, தயிர்சாதம் வேறு.

பின்தொடர்ந்து பார்ப்பது மட்டும் போதாது, நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்க்க வேண்டும் என்று இத்தாலியின் பார்மாவில் லோரிஸ் போர்கி குழு இறங்கியது. திரும்பத் திரும்பக் கல் வந்த, சிறுநீரில் கால்சியம் அதிகம் போகும் 120 ஆண்கள். பாதிப் பேருக்குப் பழைய அறிவுரை: கால்சியம் குறைவு, நாளுக்கு 400 மில்லிகிராம். மீதிப் பேருக்குக் கால்சியம் வழக்கம்போல 1,200 மில்லிகிராம், உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து ஆண்டுகள். 2002-ல் முடிவு வந்தது. பழைய பத்தியத்தில் 60-ல் 23 பேருக்கு மறுபடி கல். புதிய பத்தியத்தில் 60-ல் 12 பேருக்கு. கிட்டத்தட்டப் பாதி.

உப்பு ஏன் என்று கேட்கலாம். சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்க வேண்டுமென்றால், தம்ளரில் இருக்கும் பாலைவிட இலையோரத்து ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

விமானக் கம்பெனியின் பரிசு

மிகை வேக விமானங்களில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம் ஆராய்ந்தது. அந்த அதிர்வலை ஆராய்ச்சியிலிருந்து ஒரு யோசனை கிளைத்தது. 1980 பிப்ரவரி 7-ஆம் தேதி மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷௌசி, ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கத்தியே வைக்காமல் வெளியிலிருந்து அதிர்வலையைப் பாய்ச்சிக் கல்லை உடைத்தார். சில ஆண்டுகளில் உலகம் முழுக்க இந்த இயந்திரம் பரவியது.

மகத்தான சாதனைதான், மறுக்கவில்லை. வலியில் துடித்தவர்கள் மறுநாளே நடந்து வீட்டுக்குப் போனார்கள். ஆனா இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. எடுப்பது சுலபமானதும், ஏன் வந்தது என்று கேட்கும் அவசரம் போய்விட்டது. வந்தா உடைச்சுக்கலாம்! 1989-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதல் கல் வந்தவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் சுமார் 35 சதவீதம் பேருக்கும் பத்து ஆண்டுகளுக்குள் சுமார் 52 சதவீதம் பேருக்கும் மறுபடி வருகிறது என்று கணக்கிட்டது. உடைப்பது எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. ஏனென்றால் சுஸ்ருதரின் பானைக்குள் இருக்கும் நீர் மாறவில்லை.

தண்ணீரும் மருந்தும்

"நிறையத் தண்ணி குடி" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். அதை யாராவது சோதித்திருக்கிறார்களா? அதே போர்கி குழு சோதித்தது. முதல் முறை கல் வந்த 199 பேர். ஒரு பாதியிடம் நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகுமளவு குடிக்கச் சொன்னார்கள், மறுபாதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகளில் தண்ணீர்க் குழுவில் 12 பேருக்கும், மற்ற குழுவில் 27 பேருக்கும் மறுபடி கல் வந்தது. 1996-ல் வெளியான இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது, அளவு சொன்னது குடிப்பதற்கு இல்லை, வெளியே போவதற்கு. வெயிலில் வேலை செய்கிறவர் 3 லிட்டர் குடித்தாலும் பாதி வியர்வையாகப் போய்விடும். அவருக்கு அது போதாது.

மருந்துகளின் கதை இவ்வளவு நேராக இல்லை. பொட்டாசியம் சிட்ரேட், சிறுநீரில் சிட்ரேட் குறைவாக இருப்பவர்களுக்கு உதவுவதை 1993-ல் ஒரு சிறு ஆய்வு தெளிவாகக் காட்டியது. யூரிக் ஆசிட் அதிகம் போகும் கால்சியக் கல்காரர்களுக்கு அல்லோபூரினால் உதவுவதை 1986-ல் காட்டினார்கள். சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கும் தயசைடு மாத்திரையைப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவந்தார்கள். 2023-ல் சுவிட்சர்லாந்தில் 416 பேரிடம் செய்த நோஸ்டோன் ஆய்வு அதன் மேல் தண்ணீர் தெளித்தது. மூன்று வெவ்வேறு அளவுகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு கொடுத்தும், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் உப்பைக் குறைக்கவில்லை, மருந்து நாளுக்கு ஒரு வேளைதான் என்று எதிர்வாதங்கள் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை.

இப்போ ஒருவர் என்ன செய்யலாம்?

திரும்பத் திரும்பக் கல் வருகிறவருக்கு இந்த வரலாறு கொடுக்கும் கேள்விகள் எளிமையானவை.

கல் எந்த வகை? வடிகட்டியில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். ரத்தத்தில் கால்சியம், யூரிக் ஆசிட், கிரியாட்டினின் எவ்வளவு? கால்சியம் அதிகமென்றால் பாராதைராய்டு ஹார்மோன் எவ்வளவு? இவற்றோடு 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு முழு நாள் சிறுநீரைப் பெரிய கேனில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூச்சமாக இருக்கும், வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் அளவு, கால்சியம், ஆக்ஸலேட், சிட்ரேட், சோடியம், யூரிக் ஆசிட் எல்லாம் அதில்தான் தெரியும். அன்றைக்கு மட்டும் பத்தியமாக இருந்துவிட்டுக் கொடுத்தால் பயனில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும். எல்லாருக்கும் இந்தச் சோதனை தேவையா என்பதில் மருத்துவச் சங்கங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இரண்டாவது, மூன்றாவது கல் வந்தவர்கள், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள், கல் வந்த குழந்தைகள் இவர்களுக்குச் செய்வது நல்லது என்பதில் அவ்வளவு சண்டை இல்லை.

சாப்பாட்டில்? தக்காளி விதைதான் கல்லாகிறது என்பது கட்டுக்கதை. தக்காளியில் ஆக்ஸலேட் குறைவுதான். பசலைக் கீரையில்தான் மிக அதிகம், அதையும் தயிரோடு சாப்பிட்டால் பாதிப்பு குறையும். எலுமிச்சை சிட்ரேட் தருகிறது. வாழைத்தண்டை யாரும் விட வேண்டியதில்லை, ஆனா அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பீர் குடித்தால் கல் கரையும் என்பவர்கள் அதற்காகக் குடிக்கவில்லை, நமக்கே தெரியும். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. "தண்ணி குடி" என்பதுதான் இருப்பதிலேயே மலிவான மருந்து. ஆனால் குடித்தால் போக ஒரு இடம் வேண்டும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், பேருந்து நடத்துநர்கள், கட்டட வேலைக்காரர்கள், கதவில்லாத கழிப்பறை உள்ள பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள். இவர்களில் பலர் வேண்டுமென்றேதான் தண்ணீர் குடிப்பதில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. நல்ல விஷயம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரிடமும் கெஞ்சாமல் எழுந்து போய்வர ஒரு சுத்தமான கழிப்பறை இருந்தால், அது கல்லுக்கும் வைத்தியம். மெக்காரிசனின் எலிகளும் தாய்லாந்துக் குழந்தைகளும் காட்டியது இதைத்தான்: கல் ஒருவருடைய உடம்புக்குள் உண்டாகிறது, ஆனா அதற்கான காரணங்கள் எல்லாமே அவர் கையில் இருப்பதில்லை.